நஞ்சம்மாளின் பதினோரு அறைகள்

வின்டர்டன் ஹோட்டலில் பேய் இருப்பது உண்மைதான், அதை இல்லை என்று சொல்ல வெள்ளிமுடி ஊரில் ஒரு ஆள் கிடையாது. ஆனால் அது காதலனுக்காக ஜன்னலோரம் காத்திருந்து உயிரை விட்ட வெள்ளைக்காரியின் பேய் என்று பளபளக்கும் தாளில் படம் போட்டு அச்சடித்து வைத்திருக்கிறார்களே, அதை எழுதினவன் கை அழுகிப் போகட்டும் என்று ருக்குமணி வருஷக்கணக்காக வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டுதான் இருந்தாள். எந்தத் துரைசாணி என்றைக்குத் தன் மெத்தையைத் தானே விரித்தாள், எந்தத் துரைசாணி அடுத்தவன் படுத்தெழுந்த விரிப்பை உதறி அதிலிருந்த முடியைப் பொறுக்கினாள், கேட்கிறவர்களுக்குப் புத்தி வேண்டாமா என்பாள். அந்தப் பேய் அவளைப் பெற்ற அம்மா நஞ்சம்மாள். ஊருக்கே தெரிந்த விஷயம் அது, ஹோட்டல்காரர்களுக்கும் தெரியும்.

அந்தத் துரைசாணியின் கதையையும் சொல்லிவிடுவோம், அவள் தலையில் எதற்கு வீண் பழி. தேயிலைத் தோட்டத்துத் துரை ஒருவன், பெண்டாட்டியின் இருமலுக்கு மலைக்காற்று நல்லது என்று யாரோ சொல்லக் கேட்டு, தேக்கும் கல்லும் கண்ணாடியும் சமவெளியிலிருந்து ஆட்களின் தலையில் ஏற்றி, வழியில் எத்தனை பேர் காய்ச்சலில் விழுந்தார்கள் என்று எந்தத் தாளிலும் எழுதாமல், மூன்று வருஷத்தில் அந்த மாளிகையைக் கட்டி முடித்தான். அவள் வந்தாள், பத்து நாள் இருந்தாள், அட்டை கடிக்கிறது என்று அழுதாள், கப்பலேறி ஊர் போய்ச் சேர்ந்து பேரன் பேத்தி எடுத்தாள். துரைக்குப் பிறகு கோயமுத்தூர் மில்காரர் ஒருவர் அதை வாங்கி ஹோட்டல் ஆக்கினார், அவருக்குப் பிறகு அவர் மருமகன், மருமகனுக்குப் பிறகு சென்னையிலிருந்து ஒரு கம்பெனி. பெயர்ப்பலகை மூன்று தடவை மாறியும் மேல்மாடியின் பதினோரு அறைகளையும் ஒரு பெண்ணே கூட்டித் துடைத்து விரிக்க வேண்டும் என்ற ஏற்பாடு மட்டும் மாறவில்லை. கடைசி முப்பத்தொரு வருஷம் அந்தப் பெண் நஞ்சம்மாள்.

அவள் விரித்த படுக்கையை ஆயிரம் படுக்கைக்கு நடுவிலும் கண்டுபிடித்துவிடலாம். விரிப்பின் மூலைகளைப் பொட்டலம் மடிப்பதுபோல இரண்டு மடிப்பாக உள்ளே செருகுவாள், தலையணையின் நடுவில் கட்டைவிரலால் ஒரு அழுத்து அழுத்துவாள், ஜன்னலை நாலு விரல் அளவு திறந்து கொக்கி போடுவாள். விரிப்பைத் தடவி விடுவது மட்டும் முழங்கைக்குக் கீழே உள்ள சதையால்தான்; உள்ளங்கையெல்லாம் சலவைச் சோடாவும் குளிர்தண்ணீரும் பட்டு வெடித்துக் கிடந்ததால், கையால் தடவினால் வெடிப்பில் நூல் மாட்டி இழுக்கும். இந்தச் சங்கதி எந்த விருந்தாளிக்கும் தெரியாது. சுருக்கம் ஒன்றுகூட இல்லையே என்று மெச்சிவிட்டுப் போவார்கள்.

மே மாதக் கூட்டத்தில் ஒருநாள் உடம்பு அனலாகக் கொதிக்க, இரண்டு நாள் லீவு வேண்டும் என்று போய் நின்றாள். மலர்க் கண்காட்சி முடியட்டும், பிறகு பார்க்கலாம் என்றார்கள். பதினோரு அறைக்கும் வேண்டிய விரிப்புகளைத் தோளில் போட்டுக்கொண்டு முப்பத்தெட்டுப் படி ஏறினவள், கடைசிப் படியில் உட்கார்ந்தாள், அப்படியே போய்விட்டாள். விருந்தாளிகள் கண்ணில் பட்டால் அபசகுனம் என்று, அவளை அழுக்குத் துணி தள்ளும் வண்டியில் வைத்து, மேலே அழுக்கு விரிப்புகளையே போட்டு மூடி, சமையல்கட்டுப் பின்வாசல் வழியாகக் கொண்டுபோனார்கள். அதே ஹோட்டலில் கீழ்மாடியில் தரை துடைத்துக்கொண்டிருந்த மகளின் பக்கத்திலேயே அந்த வண்டி உருண்டு போனது, அவளும் ஒதுங்கி வழி விட்டாள். சாயங்காலம் வேலை முடிந்த பிறகுதான் அவளிடம் சொன்னார்கள்.

பதினாறாம் நாள் படையல் வைத்தார்கள். செத்தவர்களுக்குப் புதுத்துணி வைத்துக் கும்பிடுவது வழக்கம் அல்லவா, வீட்டில் இருந்ததிலேயே புதுசு எது என்று பார்த்தால், சீசனுக்கென்று ஹோட்டலில் கொடுத்த நீலக்கரை போட்ட யூனிஃபார்ம் சேலை ஒன்று மடிப்புக் கலையாமல் கிடந்தது. அழுத கண்ணோடு ருக்குமணி அதையே எடுத்து மஞ்சள் தடவிப் படத்துக்கு முன்னால் வைத்துவிட்டாள். மறுநாள் பார்த்தால் சேலையைக் காணோம். யூனிஃபார்மைக் கொடுத்தால் நஞ்சம்மாளுக்கு என்ன தோன்றும், அதைக் கட்டிக்கொண்டு அவள் வேலைக்குப் போய்விட்டாள்.

முதலில் பார்த்தது செலின்தான், ருக்குமணியோடு கீழ்மாடியில் வேலை செய்கிறவள், அன்றைக்கு மேல்மாடிக்கும் சேர்த்து அனுப்பியிருந்தார்கள். பதினோரு மணிக்கு அவள் படியேறிப் போனபோது மூன்றாம் அறையில் விரிப்பு தானே எழும்பி, காற்றில் ஒரு உதறு உதறி, மெத்தைமேல் இறங்கி, மூலைகள் பொட்டலம்போல மடிந்துகொண்டன, தலையணையின் நடுவில் பள்ளம் விழுந்தது, ஜன்னல் நாலு விரல் திறந்து கொக்கி மாட்டிக்கொண்டது. செலின் கத்தவில்லை, சிலுவையும் போட்டுக்கொள்ளவில்லை. கீழே இறங்கி வந்து ஒரு டம்ளர் டீ வாங்கிப்போய் படியில் வைத்துவிட்டு, "அக்கா, ஆறிப்போகும், குடிச்சிட்டு வேலயப் பாருங்க" என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போனாள். அரைமணி கழித்து டம்ளர் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது.

ஊரும் அப்படித்தான் எடுத்துக்கொண்டது. கீழே கடைவீதியிலிருந்து பார்த்தால் மேல்மாடியின் பதினோரு ஜன்னல்களும் தெரியும், கடைசி ஜன்னல் திறந்தால் மணி பன்னிரண்டு என்று சமோசாக்காரர் அடுப்பை மூட்டினார், பள்ளிக்கூடத்து ஆயா சாப்பாட்டு மணி அடித்தாள், பேருந்து ஓட்டுநர் அதைப் பார்த்துத் தன் கைக்கடிகாரத்தைத் திருத்திக்கொண்டார். இறப்புச் சான்றுக்கு விசாரிக்க வந்த கிராம அலுவலர் இரண்டாம் அறை வாசலில் நின்று படுக்கை விரிவதைக் கடைசிவரை பார்த்துவிட்டு, வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறவரை இறந்தவர் என்று எப்படி எழுதுவது என்று கேட்டு மனுவைத் திருப்பிக் கொடுத்தார். கல்யாணம் நிச்சயமான வீட்டில், நஞ்சம்மா கை பட்டால் நல்லது என்று முதலிரவு விரிப்பைக் கொண்டுவந்து மாடிப்படியில் வைத்துவிட்டுப் போனார்கள், அதையும் அவள் மடித்து வைத்தாள். ருக்குமணிக்கும் ஆரம்பத்தில் சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். பதினொன்றே கால் வாக்கில் தரை துடைத்தபடி தலையை நிமிர்த்தினால், மேலே அம்மா நடக்கிற சத்தம் கேட்கும்.

ஊர் எடுத்துக்கொண்டது அப்படி. கம்பெனி எடுத்துக்கொண்ட விதம்தான் வயிற்றெரிச்சல். மேனேஜர் பிரகலாதன் ஒரு வாரம் பயந்தார், இரண்டாவது வாரம் யோசித்தார், மூன்றாவது வாரம் மேல்மாடிக்கு ஆள் தேவையில்லை என்று அந்த வேலையையே ஒழித்துவிட்டார். பின்னால் புதுக்கட்டடம் ஒன்று எழுப்பினார்கள், அதிலும் பதினோரு அறை. அதற்கு ஆள் போடுவார்கள் என்று ஊர்ப்பெண்கள் காத்திருந்தபோது, அந்த அறைகளின் விரிப்புகளையும் கொண்டுவந்து அதே மாடிப்படி உச்சியில் அடுக்கி வைத்தார் மேனேஜர். நஞ்சம்மாள் ஒரு நாளும் வேலையை முடியாது என்று சொன்னவள் கிடையாது. அன்றைக்குக் கடைசி ஜன்னல் ஒன்றரை மணிக்குத் திறந்தது, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பசியில் அழுதார்கள்.

அதற்குப் பிறகுதான் அந்தப் பளபளத் தாள். சீமாட்டி கேத்தரின், வெண்பட்டு உடை, நிலவொளி, காதல், என்னென்னவோ. படித்துவிட்டுப் பெங்களூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் கூட்டம் கூட்டமாக வந்தார்கள், கேத்தரின் படுக்கை விரிப்பதைப் படம் எடுக்க செல்போனைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள். எடுத்து முடிந்ததும், இன்னொரு தடவை பார்க்க வேண்டும் என்று விரிப்பை இழுத்துக் கசக்கிப் போட்டார்கள், அவள் மறுபடி விரித்தாள், குழந்தையை விட்டு மெத்தையில் குதிக்கச் சொன்னார்கள், மறுபடி விரித்தாள், ஒரு மாப்பிள்ளைப் பையன் தன் புதுப்பெண்டாட்டியைச் சிரிக்க வைக்கவென்று ஒரு கிண்ணம் தக்காளி சூப்பை வேண்டுமென்றே வெள்ளை விரிப்பில் கவிழ்த்தான், அந்தப் பெண்ணும் கைதட்டிச் சிரித்தாள், நஞ்சம்மாள் அந்த விரிப்பை உருவி எடுத்து வேறொன்றை விரித்தாள். ருக்குமணி அந்தச் சூப்புத் துணியைத் துவைத்துக்கொண்டே விம்மி விம்மி அழுதாள். உயிரோடு இருந்தபோது ஒரு நாளைக்கு ஒரு தடவை விரித்த படுக்கையை, செத்த பிறகு அவள் அம்மா ஐந்து தடவை விரித்தாள்.

செத்தவளுக்கு அலுப்பு இருக்காது என்று யார் சொன்னது? ஆறாவது வருஷம் மூலை மடிப்புகள் தளரத் தொடங்கின. மாடிப்படியின் நடுவில் யாரோ நின்று மூச்சு வாங்குகிற சத்தம் கேட்டது, பிறகு ஒரு வறட்டு இருமல். கடைசி ஜன்னல் மூன்று மணிக்குத் திறந்தது, பிறகு நாலு மணிக்கு. ஒருநாள் ஏழாம் அறையில் விரிப்பு பாதி செருகியபடி நின்றுபோயிருந்தது, தலையணை தரையில் கிடந்தது. ருக்குமணி ஓடிப்போய் மீதியைத் தானே செருகி முடித்து, வெளியே வந்து கதவில் சாய்ந்து நின்று, "அம்மா, போதும்மா" என்றாள். எட்டாம் அறைக் கதவு திறந்துகொண்டது.

யூனிஃபார்ம் சேலையால் வந்த வினைதானே என்று, அந்த வருஷத் திதிக்குக் கத்தரிப்பூ நிறத்தில் ஒரு பட்டுச்சேலை எடுத்துப் படைத்தாள் ருக்குமணி. அது வைத்த இடத்திலேயே கிடந்தது, அம்மா தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. தொழிற்சங்கத்துத் தோழர் அப்பாதுரையிடம் போனாள், வாரத்துக்கு ஒரு நாளாவது லீவு வாங்கிக் கொடுங்கள் என்று கேட்டாள்.

அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடியே, "செத்தவங்களுக்குச் சட்டத்துல லீவு கெடையாதே அம்மிணி" என்றார்.

"அப்ப வேல மட்டும் எப்புடீங்க இருக்குது?"

அப்பாதுரை நாற்பது வருஷம் சங்கம் நடத்தியவர், எத்தனையோ முதலாளிகளைக் கேள்வி கேட்டுத் திணற அடித்தவர். துடைத்த கண்ணாடியையே மறுபடி துடைக்கத் தொடங்கினார்.

மறுநாள் காலையில் விரிப்பு வைக்கும் அறைக் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. மேல்மாடிப் படுக்கை விரிப்புப் பணியில் அண்மைக் காலமாகக் காணப்படும் மெத்தனம் குறித்து மூன்று தினங்களுக்குள் எழுத்துமூலம் விளக்கம் அளிக்க வேண்டும், தவறினால் ஒழுங்கு நடவடிக்கை. கீழே மேனேஜரின் கையெழுத்து, மேலே பெறுநர்: திருமதி நஞ்சம்மாள். பேரும் புகழும் வந்தால் கேத்தரின், மெமோ வந்தால் நஞ்சம்மாள்! ருக்குமணி தாளை ஒரே இழுப்பில் கிழித்துக் கையில் கசக்கிக்கொண்டு, துடைப்பத்தைக்கூடக் கீழே வைக்காமல் மேனேஜர் அறைக்குள் நுழைந்தாள்.

"சார், எங்கம்மாவ உட்டுருங்க."

பிரகலாதன் நிமிர்ந்து பார்த்து, துடைப்பத்தைப் பார்த்து, சிரித்தார். "நானா புடிச்சு வச்சிருக்கேன்? அதுவா வருது, அதுவா செய்யுது."

"துணிய அடுக்கி வெக்கறது நீங்கதானுங்களே? ஒரு நாளைக்கு அடுக்காம இருந்து பாருங்க."

"அடுக்கலைன்னா இருபத்திரண்டு ரூமுக்கும் யார் விரிப்பா?"

"ஆள் போடுங்க சார். ஊருல எத்தன பொம்பளைங்க வேலயில்லாம இருக்கறாங்க."

"பேய் இருக்கிற வரைக்கும் ஆள் எதுக்கு ருக்குமணி?" என்றார் அவர், வாய் கூசாமல். "ஒண்ணு பண்ணு, அந்த மெமோவுக்கு அது சார்பா நீயே பதில் எழுதிக் குடுத்துடு. இனிமே ஒழுங்கா செய்யும்னு எழுது."

அவள் கிழித்த தாளை அவர் மேசைமேல் போட்டுவிட்டு வெளியே வந்தாள். செலின் அவளைத் தோளில் அணைத்துத் துணி துவைக்கும் கல்லில் உட்கார வைத்து, குடிக்கத் தண்ணீர் கொடுத்தாள்.

"மேனேஜரச் சொல்லி என்ன புண்ணியம்? உங்கம்மாவுக்கு வேல செய்யத் தெரியும், நிறுத்தத் தெரியாது. அத யாரு அவங்களுக்குச் சொல்லிக் குடுத்தாங்க, சொல்லு பாக்கலாம்" என்றாள் செலின்.

யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. வின்டர்டனில் துரை காலத்திலிருந்தே ஒரு சட்டம் உண்டு, வேலைக்காரர்கள் மெத்தையைத் தொடலாம், தூக்கலாம், அடிக்கலாம், அதில் உட்காரக் கூடாது. மயக்கம் வந்து ஒரு நிமிஷம் உட்கார்ந்த ஒருத்தியை அன்றைக்கே கணக்கு முடித்து அனுப்பியதை நஞ்சம்மாள் தன் கண்ணால் பார்த்திருந்தாள். அவள் செத்த அன்றைக்கு அந்தக் கடைசிப் படியிலிருந்து முதலாம் அறைக்கு ஐந்தடி தூரம், கதவு திறந்துதான் இருந்தது, உள்ளே முந்தின நாள் அவளே விரித்த மெத்தை இருந்தது, அதில் யாரும் வந்து படுக்கவுமில்லை. உடம்பு கொதிக்கக் கொதிக்க அவள் கல்படியில் உட்கார்ந்து செத்தாள். இதை நினைத்ததும் ருக்குமணி எழுந்துவிட்டாள்.

அப்போது மணி பதினொன்று. அவள் மேல்மாடிக்குப் போனாள், செலின் பின்னால் போனாள், என்னவோ நடக்கப்போகிறது என்று சமையல்காரர்களும் தோட்டக்காரரும் துணி துவைக்கிறவர்களும் கைவேலையைப் போட்டுவிட்டுப் பின்னாலேயே போனார்கள். முதலாம் அறைக்குக் கவர்னர் ரூம் என்று பேர், அந்த ஹோட்டலிலேயே பெரியது, அப்போதுதான் காலியாகியிருந்தது. விரிப்பு காற்றில் எழும்பிக்கொண்டிருந்தது. ருக்குமணி அதன் மறுமுனையைப் பிடித்தாள். அம்மா ஒரு பக்கம், மகள் ஒரு பக்கம், இரண்டு பேருமாக உதறி, மெத்தையில் போட்டு, மூலைகளைச் செருகினார்கள். விரிப்பின் மேல் கண்ணுக்குத் தெரியாத கை ஒன்று முழங்கைச் சதையால் தடவிக்கொண்டு போனது, துணி மெதுவாக நீவி விடப்பட்டது. அது போய் ஜன்னலருகே நின்றது. கொக்கி ஆடியது.

"ஜன்னல் இருக்கட்டும்மா" என்றாள் ருக்குமணி. "இங்க வா."

அவள் செருப்பைக் கழற்றினாள், எல்லோரும் பார்க்க, நூறு வருஷத்துச் சட்டத்தை மிதித்து, கவர்னர் ரூம் மெத்தையில் உட்கார்ந்தாள். வாசலில் நின்றவர்களில் யாரோ மூச்சை இழுத்தார்கள். ருக்குமணி காலைத் தூக்கி மேலே வைத்தாள், படுத்தாள், சின்னப்பிள்ளையில் ஒரே பாயில் படுத்தபோது நகர்ந்து இடம் விடுவாளே அதேபோலச் சுவர்ப்பக்கமாக நகர்ந்து, பக்கத்தில் தட்டிக் காட்டினாள்.

"பாரு, ஒண்ணும் ஆகலே. நா படுத்திருக்கறன் பாரு. நீயும் படு. உனக்கு இன்னிக்கு லீவு. நா குடுக்கறன். எவங்கிட்டயும் கேக்க வேண்டியதில்ல, படும்மா."

வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு மெத்தையின் ஓரத்தில், ரொம்பத் தயங்கித் தயங்கி, ஒரு சின்னப் பள்ளம் விழுந்தது, ஆள் எழுந்துகொண்டதுபோல நிமிர்ந்தது, மறுபடி விழுந்தது. தலையணை அமுங்கியது. விரிப்பு நெடுக ஒரு உடம்பின் நீளத்துக்கு இறங்கியது, நஞ்சம்மாள் ஒன்றும் உயரமானவள் இல்லை, மெத்தையின் பாதிக்குக் கொஞ்சம் மேலே அந்தப் பள்ளம் முடிந்துபோனது. ஒரு நீண்ட பெருமூச்சு கேட்டது. கொஞ்ச நேரத்தில் குறட்டையும் கேட்டது. வாசலில் நின்ற தோட்டக்காரர் தலைப்பாகையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

மேனேஜர் தகவல் தெரிந்து படிகளை இரண்டிரண்டாகத் தாவி வந்தபோது ருக்குமணி மெல்ல எழுந்து, அம்மாவின் மேல் ஒரு கம்பளியைப் போர்த்திக்கொண்டிருந்தாள். உன்னை இந்த நிமிஷமே வேலையை விட்டு நீக்குகிறேன் என்றார் அவர். சரிங்க சார் என்றாள். அவர் கம்பளியை இழுக்கப் போனார், செலின் முன்னால் வந்து நின்றாள், சமையல்காரர்கள் கரண்டியோடு வந்து நின்றார்கள், இத்தனை வருஷமாக அவர் முகத்தை நிமிர்ந்து பார்க்காத ஆட்கள் அத்தனை பேரும் அந்தக் கட்டிலைச் சுற்றி நின்றார்கள். கடைவீதியில் மணி பன்னிரண்டு ஆகியும் ஒரு ஜன்னல்கூடத் திறக்கவில்லையே என்று பதறிப்போய் சமோசாக்காரரும் பள்ளிக்கூடத்து ஆயாவும் இன்னும் பாதி ஊரும் மேட்டில் ஏறி வந்துகொண்டிருந்தார்கள். மேனேஜர் கையை எடுத்துக்கொண்டார்.

"எப்ப எந்திரிப்பாங்க?" என்று மட்டும் கேட்டார். அந்த ஹோட்டலில் நஞ்சம்மாளை அதிகாரி ஒருவர் மரியாதையாகச் சொன்னது அதுதான் முதல் தடவை.

அவள் எழுந்திருக்கவில்லை. கம்பெனி மெத்தையை மாற்றிப் பார்த்தது, புது மெத்தை கட்டிலில் இறங்குவதற்குள் அதிலும் அதே பள்ளம் விழுந்து குறட்டை வந்தது. கவர்னர் ரூமைப் பூட்டி வைத்தார்கள். மிச்சமிருந்த இருபத்தொரு அறைக்கும் வேறு வழியில்லாமல் ஆள் எடுத்தார்கள், ஒரு பெண்ணை எடுத்துப் பார்த்து முடியாமல் போய், இரண்டாக்கி, மூன்றாக்கி, கடைசியில் செத்துப்போன ஒருத்தி தனியாகச் செய்த வேலைக்கு உயிரோடு இருக்கிற நாலு பெண்கள் தேவைப்பட்டார்கள். நாலு பேருக்கும் வாரத்தில் ஒரு நாள் ஓய்வு என்று முதலிலேயே எழுதி வாங்கிக் கொடுத்தது அப்பாதுரை.

ருக்குமணி இப்போது கடைவீதியில் டீக்கடை வைத்திருக்கிறாள். சீசன் நெருங்கும்போதெல்லாம் மேனேஜர் பிரகலாதன் மேட்டிலிருந்து இறங்கி வந்து பெஞ்சில் உட்கார்ந்து, டீ குடித்து, இதையும் அதையும் பேசி, கடைசியில், கூட்டம் தாங்கவில்லை, இரண்டே இரண்டு நாளைக்கு அவங்களை எழுப்பித் தர முடியுமா என்று கேட்பார். அவள் பாலை ஆற்றிக்கொண்டே, அவர் முகத்தைப் பார்க்காமல் சொல்வாள்:

"எங்கம்மா லீவுங்க."